நோகாத கட்டி

என் கணவர் என்னுடைய தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சில கிழமைகள் கண்டி டவுனில் நடமாடினார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், புடவைக் கடைக்காரர், மகளைக் கட்டிக் கொடுத்தவர். சட்டையின் மேல் பட்டன் வரை பூட்டி, அதற்கு மேல் மப்ளரையும் சுற்றி, உள்ளே பொம்பளைச் சங்கிலி. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் கண்ணும் நிறைந்துவிடுகிறது.

போட்டுவிட்டது நான்தான். யுத்தத்தின் கடைசிக் காலம் அது. ஒரு காலையில் சவரம் செய்துவிட்டு வந்தவர், இடது தாடைக்குக் கீழே தொட்டுப் பார்க்கச் சொன்னார். நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. எங்கள் ஆட்களுக்குத் தாடைக்குக் கீழே எது வீங்கினாலும் அது பொன்னுக்கு வீங்கிதான். அதற்கு வைத்தியம், வீக்கம் வற்றும்வரை கழுத்தில் தங்கம் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். எனக்குச் சின்ன வயதில் வந்தபோது அம்மா இதே சங்கிலியைத்தான் போட்டுவிட்டார். என் மகளுக்கு வந்தபோது நான் போட்டேன். இரண்டு தடவையும் வீக்கம் வற்றியது. அதன்பிறகு அந்த வைத்தியத்தில் எனக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது?

"சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற வியாதில்ல இது?" என்று அவர் முணுமுணுத்தார்.

"உங்களுக்குச் சின்ன வயசுல வரல. அதான் இப்ப வந்திருக்கு. குனிங்க" என்றேன்.

குனிந்தார். நான் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நான் இயற்றியதுதான்.

அந்தச் சங்கிலி இரட்டை வடம், என் கலியாணத்துக்கு அம்மா தன் கழுத்திலிருந்து கழற்றிப் போட்டது. கலவரத்தையும் பார்த்த சங்கிலி. கலியாணமாகி இரண்டு வருடம்கூட ஆகாதபோது, எண்பத்துமூன்றில், தமிழர் கடைகளையும் வீடுகளையும் எரித்த அந்த ஆடிக் கலவரம் வந்தது. அன்று மத்தியானம் இவர் கடையை அவசரமாகப் பூட்டிவிட்டு வந்து சோற்றில் கை வைத்திருந்தார். எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் யன்னலைத் திறந்தால் டவுன் முழுக்கத் தெரியும். அன்று தெரிந்தது புகைதான். ஒன்றல்ல, அங்கங்கே பல. இவர் எச்சில் கையோடு யன்னலடியில் நின்று, "இதுல நம்ம கடைப் புகை எதுன்னு தெரியலியே" என்றார். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை, ஆளைத் தேடுகிறவர்போல் தேடிக்கொண்டு நின்றார். நான் சங்கிலியைக் கழற்றித் தேத்தூள் டின்னுக்குள் புதைத்து, கைக்குழந்தையை ஒரு கையிலும் டின்னை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டேன். பின்வீட்டுச் சிங்கள அம்மா எங்களைத் தன் குசினிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து அந்தச் சங்கிலியில் லேசாகத் தேயிலை வாசம் அடிக்கும். மகள் ஒத்துக்கொள்ளமாட்டாள், எனக்கு அடிக்கும்.

கடை போனதும் இவர் தலைமன்னார்க் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார். திருச்சிப் பக்கத்தில் சொந்தங்கள் இருந்தார்கள். அங்கே ஒரு வழி பிறந்தால் எங்களையும் கூப்பிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. நான் குழந்தையோடு கலஹாவுக்குப் போய் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் அங்கே தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். அந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது குளிர்தான். காலையில் மலை தெரியாது, பேராதனை பஸ்ஸின் ஹோர்ன் மட்டும் பனிக்குள்ளிருந்து கேட்கும். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் வாசலில் நின்று, "ஒங்க வீட்டுக்காரரு எப்ப வர்றாருங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். வருவார் வருவார் என்று சொல்லிச் சொல்லி எட்டு மாதம் போனது.

எட்டு மாதம் கழித்து ஒரு மழைநாளில், முழங்கால்வரை சேறோடு வந்து நின்றார். ஊர் எப்படி என்றேன். "அங்க என்னைய சிலோன்காரன்னு சொல்றாங்க. இங்க இந்தியாக்காரன்னு சொல்றாங்க. எப்படியும் சொல்லத்தான் போறாங்க, நல்ல பிளேன்டீ கெடைக்கிற எடத்துல இருந்து கேப்போம்னு வந்துட்டேன்" என்றார். திருச்சியைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். நானும் தோண்டிக் கேட்கவில்லை. ஆள் வந்ததே போதும் என்றிருந்தது. பிறகு கண்டிக்கே திரும்பி, மறுபடி கடை போட்டோம்.

இவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெற்றிலை, பீடி, சிகரெட், சாராயம், எதுவும் கிடையாது. இவருடைய அப்பா வாய் நிறையப் புகையிலையும் வெற்றிலையுமாக வாழ்ந்து, வாயில் புற்று வந்து போனவர். அதை அருகிலிருந்து பார்த்தவர் இவர். எங்கள் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றியபோது, பெரியவர்கள் சம்பிரதாயத்துக்கு ஒரு வெற்றிலையை வாயில் போடச் சொன்னார்கள். இவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி தட்டிலேயே வைத்தார். என் மாமன்மாரின் முகம் கடுத்துப்போனது. எனக்கு அந்த இடத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டது.

சரி, கட்டிக்கு வருகிறேன். அந்த நாட்களில் டவுனில் காலடிக்கு ஒரு சோதனைச் சாவடி. குளக்கட்டுப் பக்கம் போவதென்றால் அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒருநாள் ஒரு ஆமிக்காரப் பையன் இவருடைய மப்ளரை விலக்கச் சொல்லியிருக்கிறான். உள்ளே இரட்டை வடம் பளபளத்திருக்கிறது. எவள் கழுத்தில் அறுத்தது என்று நினைத்தானோ, "மொகத மே?" என்று, அதாவது இது என்ன என்று, துவக்கை நிமிர்த்தியிருக்கிறான். இவர் தாடையைத் தொட்டுக் காட்டி, "கம்முல்காய மாத்தயா" என்றாராம். பொன்னுக்கு வீங்கிக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். பையனுக்கு அது வந்ததில்லைபோல. பாய்ந்து பின்னால் போய், தூரத்திலிருந்தே கையாட்டி, போ போ என்றிருக்கிறான்.

"ஐ.சி.கூடக் கேக்கலடி. யுத்தம் முடியிறவரைக்கும் இந்தக் கட்டி இப்படியே இருந்தா நல்லது" என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். எங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்துப் பெண்தான் சிரிக்கவில்லை. கச்சேரியில், அதாவது அரசாங்கக் காரியாலயத்தில், வேலை செய்கிறவர், மாலையில் எங்களோடு தேத்தண்ணி குடிக்க இறங்கி வருவார்.

"அண்ணை, அது நோகுதோ?" என்று கேட்டார்.

"கொஞ்சம்கூட நோவு இல்ல தங்கச்சி. அதான் பயப்படல."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பொன்னுக்கு வீங்கிக்கு அவர்கள் ஊரில் கூகைக்கட்டு என்று பெயர். "கூகைக்கட்டு எண்டால் வாய் திறக்கேலாமல் நோகும். இத்தனை நாள் நிக்கவும் நிக்காது. எங்கட அம்மாவும் மார்பில கட்டி நோகேல்லை எண்டுதான் பேசாமல் விட்டவா. நோகாத கட்டிதான் கூடாது அக்கா. நாளைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கோ."

அவருடைய அம்மா இப்போது இல்லை என்று எனக்குத் தெரியும். மறுபேச்சுப் பேசாமல் அன்றே சங்கிலியைக் கழற்றினேன்.

பெரியாஸ்பத்திரியில் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். உள்நாக்குப் பக்கத்துச் சதையில் ஒரு துண்டு எடுத்தார்கள். கட்டி கழுத்தில் தெரிந்தாலும் வேர் அங்கே, தொண்டைச் சதையில் இருந்தது. புற்று. வீட்டுக்கு வந்ததும் இவர் கதிரையில் உட்கார்ந்து, "நான் என்னத்தடி செஞ்சேன்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருப்பதுபோல என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

செய்தி பரவியது. பார்க்க வந்தவர்கள் பழமும் பிஸ்கட்டும் கொண்டு வந்தார்கள், கூடவே ஒரு கேள்வியும். புசல்லாவையிலிருந்து வந்த என் பெரியப்பா மகன் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "மறைவுல போட்டிருப்பாரோ தங்கச்சி? வெத்தலையோ சிகரெட்டோ? இல்லாம எப்படி?" என்று குசுகுசுத்தார். குசுகுசுப்பு முன்னறைக்குக் கேட்டுவிட்டது. இவர் எழுந்து வந்து, அந்த மனிதர் முன்னால் வாயை ஆவென்று திறந்து, "பாருங்க மச்சான். ஒரு பல்லுல கறை இருக்கா, பாத்துச் சொல்லுங்க" என்றார். அதற்கப்புறம் யார் வந்தாலும் அதே கூத்துத்தான். எனக்கு வந்தவர்களையெல்லாம் துடைப்பத்தால் அடித்து விரட்ட வேண்டும்போல் இருந்தது.

அடுத்த தடவை எங்களோடு உட்கார்ந்து பேசிய டொக்டர், திகனப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், எங்கள் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். வெற்றிலை? இல்லை. சிகரெட்? இல்லை. குடி? "தண்ணியே சுட வச்சுத்தான் குடிப்பேன் டொக்டர்" என்றார் இவர். டொக்டர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"அங்கிள், இதெல்லாம் இல்லாமலும் தொண்டைல கென்சர் வரும். ஒரு வைரஸ் இரிக்கி. அதால வாறது வேற வகை."

"எனக்குத் தடிமன், சளிகூட வர்றதில்லயே."

"தடிமன் மாதிரி இல்ல அங்கிள். இது... கலியாணம் முடிச்சவங்க நெருக்கமா இரிக்கிற நேரம் ஒட்டுற. வாயாலயும் தொண்டைக்குப் போகும்."

நான் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தேன். இவர் தன் செருப்பைப் பார்த்தார். பேரப்பிள்ளை பார்க்கப் போகிற வயதில், பிள்ளை வயதுக்காரர் முன்னால், இப்படி ஒரு பேச்சு. டொக்டரும் பாவம், காது சிவந்து போயிருந்தார். ஆனாலும் விடாமல் சொல்லி முடித்தார்.

"எப்ப ஒட்டினதுண்டு சொல்ல ஏலாது. இருவது முப்பது வருசத்துக்கு முன்னாலயும் இரிக்கலாம். ஆருக்கிட்ட இருந்து ஆருக்கு வந்ததுண்டும் சொல்ல ஏலாது. அங்கிளுக்கிட்ட இருந்து அன்ட்டிக்கு வரும், அன்ட்டிக்கிட்ட இருந்து அங்கிளுக்கும் வரும். கனபேருக்கு வந்து, தெரியாமலே போயிடும். சிலருக்கு மட்டும் உள்ளுக்கு ஒளிச்சிருந்து இப்படி வெளிய வாற. இதை வச்சு ஆரையும் கெட்டவங்கண்டு நினைக்க வாணாம்." பிறகு என் பக்கம் திரும்பி, இதே வைரஸ்தான் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயிலும் புற்றைக் கொண்டுவருகிறது என்றும், நானும் கிளினிக்கில் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது என்றும் சொன்னார். அப்புறம் போய்ச் சோதித்தேன். எனக்கு ஒன்றுமில்லை.

கடைசியாகத்தான் முக்கியமானதைச் சொன்னார். எடுத்த சதைத் துண்டை வெளியே அனுப்பிப் பார்க்க வேண்டும். "வைரஸ் வகையா இரிந்தா நல்லது அன்ட்டி. அது கதிருக்கும் மருந்துக்கும் நல்லா மடங்கும். அது இல்லாட்டி... கொஞ்சம் கஷ்டம்."

வீட்டுக்கு வர பஸ் ஏறினோம். இருபது முப்பது வருடம் என்று அவர் சொன்னதும் என் மனசு நேரே திருச்சிக்குப் போய்விட்டது. எட்டு மாதம். வாலிபம். கையில் வேலையில்லை, பக்கத்தில் பெண்டாட்டியில்லை. டவுனைத் தாண்டுவதற்குள் நானே ஒரு பொம்பளையைச் செய்து, அவளுக்குச் சிவப்புச் சேலை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூவும் வைத்துவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்தில் இருந்தவரை யன்னல் வழியாகத் தள்ளியிருப்பேன். அவரோ மப்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். அந்தக் கழுத்தைப் பார்த்ததும் என் ஆத்திரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டது.

முடிவு வரும்வரை ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குப் போனேன். பிள்ளையார் முன்னால் கண்ணை மூடினால் என்ன கேட்பதென்று முதல் வெள்ளி தெரியவில்லை. வைரஸ் இல்லையென்று வந்தால் என் மானம் தப்பும், மல்லிகைப்பூக்காரியும் இல்லையென்று ஆகும். ஆனால் மனிதர் தப்புவது சந்தேகம். வைரஸ் என்று வந்தால் மனிதர் தப்பலாம். அப்போது அவளும் கூடவே வருவாள். தீபாராதனை மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் வாய்விட்டே கேட்டேன். இருக்கட்டும் பிள்ளையாரே, வைரஸாகவே இருக்கட்டும். அவளும் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு ஆள் வேண்டும். பக்கத்தில் நின்ற பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எந்தப் பெண்டாட்டியும் இப்படி ஒன்றை வேண்டியிருக்கமாட்டாள்.

வேண்டியது கிடைத்தது. டொக்டர் தாளைப் பார்த்து, "அதுதான்" என்றார். நான் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சத்தம்போட்டு அழுதேன். இவர் தலை குனிந்து என் பின்னாலேயே நடந்து வந்தார். பஸ்ஸில் எனக்கு யன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தார். வாழ்நாளில் அவர் விட்டுக்கொடுக்காத ஒன்று இருந்ததென்றால் அது யன்னல் ஓரம்தான்.

பிறகு கதிர் வைத்தியம். முகத்தின் அச்சிலேயே ஒரு கவசம் செய்து, அதை மூஞ்சியோடு இறுக்கி, ஆளைப் படுக்கையோடு பூட்டிவிடுவார்கள். தொண்டை வெந்து, எச்சில் வற்றி, கஞ்சியும் இறங்காமல் தவித்தார். மேல்மாடிப் பெண் கச்சேரிக்குப் போகுமுன் ஒரு சட்டியில் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். நாக்கில் ருசி செத்துவிட்டது. ஆனாலும் தினமும் காலையில் பிளேன்டீ கேட்பார். ஒரு வாய் குடித்துவிட்டு, "மண்ணு" என்று கோப்பையைத் தள்ளுவார். மாதக்கணக்கில் மண்ணு, மண்ணு. கட்டி கரைந்து, வைத்தியம் முடிந்து வெகுநாள் கழித்து ஒரு காலை, "சீனி கூடிப்போச்சு" என்று எரிந்து விழுந்தார். நான் குசினியில் நின்று கும்பிட்டேன்.

தொண்டை அவரைக் கொண்டுபோகவில்லை. எச்சில் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை, எங்கே போனாலும் தண்ணீர்ப் போத்தல் கூடவே போகும். பல வருடம் அப்படியே நன்றாக இருந்து, நெஞ்சில் வந்த வேறொரு நோவில் போனார். ஆனால் அவர் போனதைவிட எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது யுத்தம் முடிந்த அன்றைய பகல்தான்.

காலையிலிருந்தே டவுனில் வெடிச் சத்தம். ரோட்டில் கொடியோடு வாகனங்கள், பாற்சோறு கொடுக்கிறார்கள், கூச்சல். கொண்டாட்டம்தான் என்று புத்திக்குத் தெரிகிறது, கைகாலுக்குத் தெரியவில்லை. கடையைப் பூட்டிவிட்டு இவர் வந்துவிட்டார். யன்னல்களைச் சாத்தினோம். மேலே அந்தப் பெண் வன்னியில் இருந்த தன் தம்பி குடும்பத்தின் சேதி தெரியாமல் டெலிபோனை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். போய்க் கொஞ்ச நேரம் கூட இருந்துவிட்டு இறங்கி வந்தேன். வந்ததும் என்னையறியாமல் சங்கிலியைக் கழற்றித் தேத்தூள் டின்னுக்குள் போட்டேன். இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் அந்தப் பயம் போகலியா?" என்றார்.

"உங்களுக்குப் போயிருச்சா? அப்புறம் எதுக்கு யன்னலச் சாத்துனீங்க?"

போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். பிறகு, வெளியே வெடி ஓய்ந்திருந்த ஒரு இடைவெளியில், "அன்னைக்கு ஆஸ்பத்திரில ஏன் அப்படி அழுத? என் மேல வெறுத்துப் போய்த்தானே?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வெறுப்பா? அது வைரஸாத்தான் இருக்கணும்னு வெள்ளிக்கு வெள்ளி பிள்ளையார்கிட்ட கெஞ்சுனேங்க. சந்தோசத்துல அழுதேன்."

அவர் என்னையே பார்த்தார். "இருக்கணும்னு கேட்டியா?"

"ஆமா. நீங்க பொழைக்கணும்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா ஒனக்கு?"

"தோணுச்சு. திருச்சியில எட்டு மாசம் என்ன செஞ்சீங்கன்னு நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சு. போனா போகுதுன்னு பெரிய மனசு பண்ணி விட்டுட்டேன்" என்றேன். சொல்லும்போதே எனக்கு என்மேல் ஒரு பெருமை.

அவர் சிரிக்கத் தொடங்கினார். வறண்ட தொண்டையில் சிரிப்பு இருமலாகி, கண்ணில் நீர் வந்து, இன்னொரு மிடறு தண்ணீர் குடித்தபிறகுதான் பேச முடிந்தது.

"நானும்தான் கேக்கல" என்றார்.

"என்கிட்ட என்னத்தக் கேக்க?"

"கலஹாவுல நீயும் எட்டு மாசம் தனியாத்தான இருந்த? ரெண்டு பேருல யார்கிட்ட இருந்தும் வரும்னுதான டொக்டர் சொன்னாரு. நானும் பெரிய மனசு பண்ணித்தான் விட்டுட்டேன்."

காதுவரை எனக்குச் சூடேறியது. கலஹாப் பனியில், கைக்குழந்தையோடு, அண்ணன் வீட்டில், வருவார் வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த என்னையா? கையில் கிடைத்ததை எடுத்து எறியத்தான் பார்த்தேன். அதற்குள் என் மனசில் கலஹாவில் ஒரு மல்லிகைப்பூக்காரன் எப்படி இருந்திருப்பான் என்று ஒரு உருவம் வந்து தொலைத்தது. நானும் சிரித்துவிட்டேன். வெளியே மறுபடி வெடி கிளம்பியது, நாங்கள் இருவரும் யன்னலைச் சாத்திய வீட்டுக்குள் பைத்தியம் பிடித்தவர்கள்போல் சிரித்துக்கொண்டிருந்தோம். வைத்தியம் நடந்த நாளெல்லாம், கஞ்சியை ஊட்டிக்கொண்டு நான் அவரை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் கஞ்சியை வாங்கிக் குடித்துக்கொண்டே அவர் என்னை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அதன்பிறகும் அவர் திருச்சியைப் பற்றிச் சொல்லவில்லை, நான் கலஹாவைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்க வேண்டுமென்றும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பிளேன்டீ போட எழுந்து டின்னைத் திறந்தேன். சங்கிலி தேத்தூளுக்கு மேலேயே கிடந்தது. ஊதித் தூசு தட்டிவிட்டு, கழுத்தில் போட்டுக்கொண்டு, அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.